பகலில் குமாஸ்தா, ராத்திரியில் வேஷம்: அயர்லாந்து நடிகர்கள் வந்த வழி

2023 ஆஸ்கர் விருதுக்கு நடிப்புப் பிரிவுகள் நான்கிலும் சேர்த்து 20 பேர் போட்டியில் இருந்தார்கள். அதில் 5 பேர் அயர்லாந்துக்காரர்கள்: காலின் ஃபாரெல், பிரெண்டன் கிளீசன், பாரி கியோகன், கெர்ரி காண்டன், பால் மெஸ்கல். அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் சுமார் 51 லட்சம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேர்ந்தால் 2011 கணக்குப்படி 34 லட்சத்தை ஒட்டி வரும். இதைவிட ஒன்றரை மடங்கு ஜனம் உள்ள ஒரு நாடு, உலக சினிமாவின் நடிப்புப் பட்டியலில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

அது எப்படி என்று கேட்டால், ஐரிஷ்காரர்கள் பிறவியிலேயே கதைசொல்லிகள், பேச்சுக்காரர்கள் என்ற பதில்தான் எல்லா இடத்திலும் கிடைக்கும். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பேச்சுக்காரர்கள் இல்லாத ஊர் எது? அந்த நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் ஒத்திகை, ஊர் ஊராகப் போகும் குழு, விஷயம் தெரிந்த பார்வையாளர்கள், கடைசியில் மாதச் சம்பளம் கொடுக்கிற ஒரு அரங்கம். இந்த அடுக்குதான் நூறு வருஷமாக அங்கே நடிகர்களை உண்டாக்கி வருகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் கூத்துக் கட்டுகிறவர்களுக்கு இதில் பாதியை விளக்கவே தேவையில்லை. வருஷத்தில் பாதி நாள் ஓசூர் கம்பெனியிலோ மாங்கூழ் ஃபேக்டரியிலோ பெங்களூர் கட்டட வேலையிலோ இருந்துவிட்டு, பாரதம் படிக்கிற மாதம் வந்ததும் கிரீடம் கட்டுகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அடுக்கின் மேல் பாதிதான் நம்மிடம் இல்லை.

முதலில் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். 1888-ல் டப்ளினில் பிறந்தவர், சொந்தப் பெயர் வில்லியம் ஷீல்ட்ஸ். 1911-ல் அரசு வேலையில் சேர்ந்து, வேலையில்லாதோர் காப்பீட்டைக் கவனிக்கும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 1915 வாக்கில் டப்ளின் ஆபி தியேட்டரில் சின்ன வேஷங்கள் கிடைக்கத் தொடங்கின. அரசு ஊழியர் மேடையேறுவது அலுவலகத்தில் எடுபடாது என்பதால்தான் வேறு பெயர் வைத்துக்கொண்டார். 1924-ல் ஷான் ஓகேசியின் ‘ஜூனோ அண்ட் த பேகாக்’ நாடகத்தில் கேப்டன் பாயில், 1926-ல் ‘த ப்ளவ் அண்ட் த ஸ்டார்ஸ்’ நாடகத்தில் ஃப்ளூதர் குட். இரண்டுமே ஐரிஷ் மேடையின் மிகப் பெரிய வேஷங்கள். அவற்றைப் போட்ட பிறகும் காலையில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். வேலையை விட்டது 1929-ல், 41 வயதில். ‘கோயிங் மை வே’ படத்துக்காகத் துணை நடிகர் ஆஸ்கர் வாங்கியபோது வயது 57. அந்த ஒரே வேஷத்துக்கு முதன்மை நடிகர், துணை நடிகர் என்று இரண்டு பிரிவிலும் அவர் பெயர் வந்துவிட்டது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று அதன் பிறகு விதியையே மாற்றினார்கள்.

பதினான்கு வருஷம் இரட்டை வேலை பார்த்தார் என்பதைத் தியாகமாக எடுத்துக்கொள்வது தவறு. அந்தச் சம்பளம் இருந்ததால் அவர் எந்த வேஷத்துக்காகவும் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. நகைச்சுவையில் அவருக்கு இருந்த நிதானம் இங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. எஃப். ஜே. மெக்கார்மிக் என்று மேடையில் அறியப்பட்டவரின் உண்மைப் பெயர் பீட்டர் ஜட்ஜ். அவரும் அரசு ஊழியர்தான், வேறு பெயரில் நடித்தவர்தான். ‘ஆட் மேன் அவுட்’ படத்தில் ஷெல் என்ற பறவைக்காரனாக வருவது அவர். படம் வந்த 1947-லேயே காலமானார். ஷான் கானலி என்றொரு ஆபி நடிகர், டப்ளின் நகரமன்றத்தில் மோட்டார் வண்டி வரிப் பிரிவில் வேலை பார்த்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் அதே நகரமன்றக் கட்டடத்தைப் பிடிக்கத் தலைமை தாங்கிப் போய், முதல் நாளே சுடப்பட்டு இறந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டின் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸும் ஆபி நடிகர். அவரும் அந்த எழுச்சியில் சண்டையிட்டு, வேல்ஸில் ஃப்ராங்காக் முகாமில் அடைபட்டுத் திரும்பி வந்து மறுபடி மேடையேறினார். பின்னாளில் அண்ணனும் தம்பியும் ‘த குவயட் மேன்’ படத்தில் சேர்ந்து நடித்தார்கள். அண்ணன் ஊர்க் கல்யாணத் தரகர், தம்பி பாதிரியார்.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் ஃபே சகோதரர்கள். வில்லியம் ஃபே எலக்ட்ரீஷியன், ஃப்ராங்க் ஃபே ஒரு கணக்கர் அலுவலகத்தில் குமாஸ்தா. கடைப் பெண்கள், தையல்காரர்கள், குமாஸ்தாக்களை வைத்துச் சாயங்காலங்களில் பயிற்சி கொடுத்தார்கள். கவிஞர் யேட்ஸும் லேடி கிரெகரியும் நாடகங்களோடு வந்து சேர, ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பணம் கொடுக்க, 1904 டிசம்பர் 27 அன்று 562 இருக்கைகளோடு ஆபி தியேட்டர் திறந்தது.

ஃப்ராங்க் ஃபே சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். ஒன்று, உயிரெழுத்துகளை நீட்டியும் குறுக்கியும் நாள்தோறும் குரல் பழகுவது. இரண்டாவது, மேடையில் பேசுகிறவர் மட்டும் அசைய வேண்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். பழகிப் பார்த்தால் சும்மா நிற்பதுதான் கஷ்டம். கை எங்கே போவது என்று தெரியாது, முகம் தானாக எதையாவது செய்யும். இந்தப் பயிற்சி இருந்தவர்கள் பின்னால் கேமரா முன் போனபோது அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. குளோசப்பில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம்தான் பாதி நடிப்பு.

எங்கே தவறிப்போகும் என்பதையும் ஆபியே காட்டியது. 1905-ல் ஹார்னிமன் பணத்தில் நடிகர்களுக்குச் சம்பளம் என்று முடிவானதும் குழு உடைந்தது. தேசத்துக்காகச் செய்த காரியம் ஒருவர் பணத்தில் ஓடும் கம்பெனியாகிவிட்டது என்று ஒரு பிரிவினர் வெளியேறி, அடுத்த வருஷம் தனிக் குழு தொடங்கினார்கள். 1908 தொடக்கத்தில் ஃபே சகோதரர்களே விலகினார்கள். ஆசையால் சேர்ந்த குழுவுக்குள் காசு வரும்போது யாருக்கு எவ்வளவு, யார் முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும். நம் பக்கத்து நாடக செட்களில் அச்சாரப் பணம் பிரிப்பதில் வரும் மனஸ்தாபமும் இதே இனம்தான். ஆபி பிழைத்ததற்குக் காரணம், 1925-ல் அரசாங்கம் 850 பவுண்டு மானியம் கொடுத்துத் தாங்கியது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசு மானியம் பெற்ற முதல் அரங்கம் அதுதான்.

ஊர் ஊராகப் போனவர்கள்

டப்ளினுக்கு வெளியே நடிகர்களை உண்டாக்கியது ஃபிட்-அப் குழுக்கள். சிறிய குழு, திரை, விளக்கு, உடைப்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிற்றூருக்குப் போய், கிடைத்த கூடத்தில் தாங்களே மேடை பொருத்திக்கொண்டு, சில நாள் தங்கி, தினம் ஒரு நாடகம் போட்டுவிட்டு அடுத்த ஊர். கண்ணீர் நாடகம் முடிந்ததும் கூட்டத்தைச் சிரிக்க வைத்து அனுப்ப ஒரு குறு நாடகம் இருக்கும். டிக்கெட் கிழிப்பவரே சற்று நேரத்தில் கொலைகாரனாக வருவார். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் 1946-ல்தான் தொடங்கியது என்பதால் வெளிச்சத்துக்கும் தாங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பல ஊர்களில் நாடகத்துக்கு இடம் கிடைக்காது. அந்த நாற்பது நாள் வருமானம் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரிய நடிகர் சிரில் கியூசாக். 1910-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். தாய் அவரை அழைத்துக்கொண்டு அயர்லாந்து வந்து, ப்ரெஃப்னி ஓரோர்க் என்ற நடிகரோடு சேர்ந்து ஃபிட்-அப் குழுவில் ஊர் சுற்றினார். பையன் அதிலேயே வளர்ந்தான். அவர் நடித்த ‘நாக்நகாவ்’ மௌனப் படம் 1918-ல் வந்தபோது வயது ஏழு. 1932-ல் ஆபியில் சேர்ந்து அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்களில் நடித்தார். அவருடைய மகள்கள் சினேட், சோர்ஷா, நீவ் மூவருமே நடிகைகள். 1990-ல் டப்ளின் கேட் தியேட்டரில் செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ போட்டபோது சகோதரிகளாக இந்த மூன்று பெண்களும், கிழ டாக்டராக அப்பாவும் நடித்தார்கள்.

ஷேக்ஸ்பியரை இதே முறையில் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர் அன்யூ மெக்மாஸ்டர். 1925-லிருந்து சுமார் முப்பத்தைந்து வருஷம். இன்று ஒதெல்லோ, நாளை ஈடிபஸ், மறுநாள் ஹாம்லெட். நோபல் பரிசு பெற்ற ஹெரால்ட் பின்டர் இளம் நடிகராக இருந்தபோது 1950-களின் தொடக்கத்தில் இந்தக் குழுவில்தான் சுற்றினார். நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் ‘க்ராப்ஸ் லாஸ்ட் டேப்’ நாடகத்தை எந்தக் குரலுக்காக எழுதினாரோ அந்த பாட்ரிக் மகீயும் மெக்மாஸ்டர் ஆள்தான்.

தினம் ஒரு நாடகம் என்பதால் மனப்பாடம் பலமாகும். ஒரே நாளில் மூன்று வேஷம் போடுவதால் நடை, குரல், முதுகு மூன்றையும் தனித்தனியாக மாற்றப் பழகும். ஆனால் கெடுதலும் உண்டு. ஒரு தடவை கைதட்டு வாங்கிய தந்திரத்தையே ஊருக்கு ஊர் செய்யத் தோன்றும். நாளை வேறு ஊர், வேறு ஜனம், யாரும் கேட்கப்போவதில்லை. இதனால் நல்ல நடிகர்கள் பலர் ஒரே மாதிரியாக இறுகிப்போனார்கள். தப்பியவர்கள், சில வருஷம் சுற்றிவிட்டு, இயக்குநர் தட்டிக் கேட்கிற ஒரு நிலையான அரங்கத்துக்குள் வந்தவர்கள். கியூசாக் செய்தது அதைத்தான். 1961 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தில் தொலைக்காட்சி தொடங்கியதும் இந்தக் குழுக்கள் வேகமாகக் கரைந்தன. நடிகர்களில் ஒரு பங்கினர் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போனார்கள்.

கேட் தியேட்டர் 1928-ல் தொடங்கியது. ஆபி கிராமத்துச் சமையலறையைக் காட்டினால் கேட் ஐரோப்பாவைக் காட்டியது. அதை நடத்திய மீஹால் மக்லியமோர், தான் கார்க் நகரத்தில் பிறந்தவன் என்று வாழ்நாள் முழுதும் சொல்லி, ஐரிஷ் மொழியில் எழுதவும் செய்தார். உண்மையில் அவர் லண்டனில் பிறந்த ஆல்ஃப்ரெட் வில்மோர். 1931-ல் 16 வயது ஆர்சன் வெல்ஸ், அமெரிக்காவில் பெரிய நடிகன் என்று அளந்துவிட்டு வேஷம் வாங்கியதும் இங்கேதான். மைக்கேல் கேம்பன் முதலில் மேடையேறியதும் இங்கேதான், 1962-ல். டப்ளினில் பிறந்து லண்டனில் வளர்ந்த அவர், கருவிகள் செய்யும் டூல்மேக்கர் வேலைக்கு அப்ரென்டிஸாகப் பயின்றவர். நடிக்காத வேஷங்களை எல்லாம் நடித்ததாகக் கடிதத்தில் எழுதித்தான் உள்ளே வந்தார். ஓசூரில் டூல் ரூமில் நிற்கிற பையன்கள் இந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். பொய்க்காக அல்ல, மில்லிமீட்டருக்குக் கீழே அளந்து பழகிய கைக்காக. கேம்பன் கடைசிவரை பழைய கைத்துப்பாக்கிகளும் கடிகாரங்களும் சேகரித்து, இயந்திர வேலையில் பிரியத்தோடு இருந்தவர்.

பிறந்த ஊரை வைத்து யார் ஐரிஷ் நடிகர் என்று தீர்மானிக்கவே முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கியூசாக் டர்பன். சர்ஷா ரோனன் நியூயார்க்கில் பிறந்து கார்லோவில் வளர்ந்தவர். ரூத் நெகா பிறந்தது அடிஸ் அபாபா, வளர்ந்தது லிமெரிக்.

அத்லோன்

நம் ஊருக்கு நேராக எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இதில்தான் இருக்கிறது.

அயர்லாந்தில் காசு வாங்காமல் நடிக்கும் குழுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆசிரியர், விவசாயி, செவிலியர், கடைக்காரர் சேர்ந்து குளிர்காலம் முழுக்க ஒரு முழுநீள நாடகம் பழகுவார்கள். வசந்த காலத்தில் நாடு முழுக்கச் சிற்றூர்களில் நாடக விழாக்கள் வரிசையாக நடக்கும். ஒவ்வொரு விழாவும் ஒரு வாரத்தைத் தாண்டும், தினம் ஒரு குழு. குழு தன் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு விழா விழாவாகப் போகும். ஒவ்வொரு விழாவிலும் முதலிடம், இரண்டாமிடம் என்று கிடைப்பதற்கேற்பப் புள்ளிகள் சேரும். திறந்த பிரிவில் அதிகப் புள்ளி எடுத்த ஒன்பது குழுக்கள் அத்லோன் நகரத்தில் நடக்கும் அகில அயர்லாந்து நாடக விழாவுக்குப் போகும். 1953-லிருந்து நடக்கிறது. திறந்த பிரிவில் சேராத குழுக்களுக்குத் தனிப் பிரிவு, தனி இறுதிப் போட்டி.

இதன் உயிர் நடுவர். நாடகம் முடிந்து திரை விழுந்ததும் நடுவர் அதே மேடையில் ஏறி, அதே பார்வையாளர்கள் முன்னால், என்ன நன்றாக இருந்தது, எது விழுந்தது, ஏன் என்று பேசுவார். ஜனம் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கும். இப்படிப் பல வருஷம் கேட்டுக் கேட்டு ஊரே நாடகம் பார்க்கக் கற்றுக்கொண்டது. வெளிச்சம் நடிகர் முகத்தில் விழவில்லை, இரண்டாம் அங்கத்தில் வேகம் தொய்ந்தது, அந்தப் பாத்திரத்துக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை என்று டீக்கடையில் பேசக்கூடிய பார்வையாளர்கள் இருந்தால் நடிகன் ஏமாற்ற முடியாது. அடுத்த விழாவுக்குள் குழு அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும். ஃபிட்-அப் குழுவில் இல்லாதது இந்தத் தட்டிக் கேட்பதுதான்.

இந்த முறையின் பலத்துக்கு 1959 சாட்சி. கெர்ரி மாவட்டத்தில் லிஸ்டோவல் என்ற ஊரில் மதுக்கடை நடத்தி வந்த ஜான் பி. கீன், ‘சைவ்’ என்றொரு நாடகம் எழுதினார். ஏழைப் பெண்ணைப் பணத்துக்காகக் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கும் கதை. ஆபி அதைத் திருப்பி அனுப்பியது. ஊர்க் குழு தானே பழகிப் போட்டது. விழா விழாவாகப் போய் அத்லோனில் அந்த வருஷ முதல் பரிசு வாங்கியது. பிறகு ஆபியே அந்தக் குழுவை அழைத்துத் தன் மேடையில் ஒரு வாரம் நடிக்க வைத்தது.

அதே லிஸ்டோவலில் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தவர் ஏமன் கெல்லி. தச்சர் மகன், தானும் தச்சர், சாயங்கால வகுப்பில் படித்து ஆசிரியரானவர். ஊர்க் குழுவில் நடித்து, வானொலி நாடகக் குழுவுக்குப் போய், அங்கிருந்து தொழில்முறை மேடைக்குப் போனார். ப்ரையன் ஃப்ரீலின் ‘ஃபிலடெல்ஃபியா, ஹியர் ஐ கம்’ நாடகத்தில் வாய் திறந்து பாசம் சொல்லத் தெரியாத அப்பாவாக நடித்து, 1966-ல் நியூயார்க்கில் டோனி என்ற நாடக விருதுக்கான பரிந்துரை வாங்கினார்.

எந்த வேலையில் இருந்தார்கள், எப்போது விட்டார்கள்

பிரெண்டன் கிளீசன் டப்ளினில் பள்ளி ஆசிரியர். ஆங்கிலமும் ஐரிஷும் சொல்லிக்கொடுத்தார். பாஷன் மெஷின் என்ற டப்ளின் குழுவில் நடித்துக்கொண்டே பாடம் நடத்தினார். 1991-ல் முப்பத்தாறு வயதில்தான் பள்ளியை விட்டார். அதற்குள் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அந்தச் சம்பளம் தாங்கியிருந்தது. நான்கே வருஷத்தில் ‘பிரேவ்ஹார்ட்’, 1998-ல் ‘த ஜெனரல்’. கேப்ரியல் பெர்ன் தொல்லியல் படித்து, ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்து, 29 வயதில் நடிக்க வந்தார். டி. பி. மெக்கென்னா அல்ஸ்டர் வங்கியில் எழுத்தர். ஜாக் மக்காவ்ரன் காப்பீட்டு நிறுவனக் குமாஸ்தா. லியம் நீசன் கின்னஸ் நிறுவனத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், பிறகு 1976-ல் பெல்ஃபாஸ்ட் லிரிக் தியேட்டரில் சேர்ந்தார். மரீன் ஓஹாரா பதின்மூன்று பதினான்கு வயதிலேயே ஆபியில் பழகினாலும், டைப்பிங்கும் கணக்கெழுதலும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று வீட்டில் வைத்த நிபந்தனையை நிறைவேற்றினார்.

மிக் லாலி கால்வே பக்கம் பள்ளி ஆசிரியர். கல்லூரி நாடக மன்றத்தில் இருந்த கேரி ஹைன்ஸ், மேரி முல்லன் இருவரோடு சேர்ந்து 1975-ல் ட்ரூயிட் தியேட்டரைத் தொடங்கினார். அயர்லாந்துக் குடியரசில் டப்ளினுக்கு வெளியே அமைந்த முதல் தொழில்முறைக் குழு அது. பழைய சரக்குக் கிடங்கைச் சின்ன அரங்கமாக்கினார்கள். தீவுகளுக்கும் குக்கிராமங்களுக்கும் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1998-ல் ‘த பியூட்டி குயின் ஆஃப் லீனேன்’ நாடகத்துக்காக ஹைன்ஸ் டோனி வாங்கினார், நாடக இயக்கத்துக்கு அந்த விருது வாங்கிய முதல் பெண். மேரி முல்லனுக்குச் சிறந்த நடிகை விருது. டப்ளினுக்குக் குடிபோகாமலே இது நடந்தது என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கில்லியன் மர்ஃபி கதையும் இதே வழிதான். கார்க் நகரத்துப் பையன், பாண்டில் பாட்டு, சட்டப் படிப்பில் முதல் வருஷத் தேர்வு போச்சு. உள்ளூர்க் குழுவான கார்கடோர்கா ஒரு இரவு விடுதியில் போட்ட நாடகத்தைப் பார்த்துவிட்டு, அதன் இயக்குநரை விடாமல் நச்சரித்து வாய்ப்பு வாங்கினார். 1996-ல் ‘டிஸ்கோ பிக்ஸ்’. இரண்டே நடிகர்கள். உள்ளூரில் சில வாரம் என்று தொடங்கியது ஒரு வருஷத்துக்கு மேல் பல நாடுகளில் ஓடியது. 2024-ல் ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்கு ஆஸ்கர்.

வேலையை எப்போது விடுவது என்பதற்கு இவர்கள் வாழ்க்கையில் ஒரு பொது விதி தெரிகிறது. முதல் கைதட்டுக்கு யாரும் விடவில்லை. அடுத்த வேலை கையில் வந்த பிறகு விட்டார்கள். நம் பக்கம் நடப்பது நேர்மாறு. ஒரு குறும்படத்தில் முகம் தெரிந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வடபழனியில் அறை எடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் கடன். பிறகு எந்த வேஷமானாலும் சரி என்ற நிலை. அந்த நிலையில் நடிப்பு வளராது.

நிலையான அரங்கத்திலும் சிக்கல் உண்டு. 1941 முதல் 1967 வரை ஆபியை நடத்திய எர்னஸ்ட் ப்ளைத், நடிகர்களுக்கு ஐரிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மொழிக்கு அது நல்லது, ஆனால் நல்ல நடிகர்கள் சிலருக்குக் கதவு சாத்தப்பட்டது. நிரந்தரச் சம்பளம் வாங்கியவர்கள் படத்துக்கு விடுப்புக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 1951-ல் கட்டடம் தீப்பிடித்து, புதியது 1966-ல் திறக்கும்வரை பதினைந்து வருஷம் பெரிய வாடகை அரங்கத்தை நிரப்ப எளிய நகைச்சுவைகளையே நீண்ட நாள் ஓட்டினார்கள். அதில் பலருடைய கூர்மை மழுங்கியது. ஹாலிவுட்டில் இன்னொரு பொறி: குடிகாரன், வேடிக்கைப் பாதிரியார், சண்டைக்கார வேலைக்காரி. சாரா ஆல்குட் 1924-ல் ஜூனோவாக நடித்து டப்ளினை அழ வைத்தவர். 1941-ல் வெளிவந்த ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ படத்தின் தாய் வேஷத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அதற்குப் பிறகு கிடைத்தவை பெரும்பாலும் சின்ன வேஷங்கள்.

இன்றைக்கு நேரடியாகப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 1986-ல் கெயிட்டி நடிப்புப் பள்ளி, 2011-ல் ட்ரினிட்டி கல்லூரியோடு சேர்ந்த லிர் அகாடமி. லிரில் நடிப்புப் பட்டம் மூன்று வருஷம். மெஸ்கல் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் தாடை உடைந்த பிறகு ஆட்டத்தை விட்டு, அங்கே படித்து 2017-ல் முடித்தவர். முடித்ததும் நேரே கேட் தியேட்டர் மேடை. பாரி கியோகன் தொடங்கிய வழி வேறு. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நடிகர் தேவை அறிவிப்பைப் பார்த்துத் தொடங்கினார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 1969-லிருந்து அயர்லாந்தில் எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளருக்கு வருமான வரிச் சலுகை உண்டு. நடிகருக்கு அது கிடையாது. 2022-ல்தான் கலைஞர்களுக்கான அடிப்படை வருமானம் என்ற சோதனைத் திட்டத்தில் நடிகர்களும் சேர்ந்தார்கள். 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருஷம். தகுதியானவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தார்கள். ஆஸ்கர் பட்டியலில் இத்தனை பேர் இருக்கும் நாட்டிலும் சாதாரண நடிகருக்கு அது தேவைப்பட்டது.

இங்கே தொடங்கினால்

அத்லோன் முறையை நம் இரண்டு மாவட்டத்தில் தொடங்கப் பெரிய செலவு தேவையில்லை. ஊர்ப் பையன்கள் வாத்தியார் வைத்து மாதக்கணக்கில் நாடகம் பழகி அரங்கேற்றம் செய்யும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அரங்கேற்றத்தோடு அது நின்றுவிடுவதுதான் குறை. அதே நாடகத்தைப் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று ஐந்து இடத்தில் போட வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தை அப்படியே வைத்தால் நடுவர் பேச ஆரம்பிக்கும்போது ஜனம் தூங்கிவிடும். அதனால் அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், துகிலுரிதல் என்று ஒரு பகுதியை மட்டும் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். கட்டியக்காரனுக்குக் கால் மணிக்கு மேல் விடக்கூடாது. விட்டால் கதைக்கு நேரம் இருக்காது.

நடுவர் அந்தந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது. செட் வைத்து நடத்துகிறவராகவும் இருக்கக் கூடாது. மேடையேறுவதை விட்டுவிட்ட மூத்த வாத்தியார் ஒருவரும், நாடகம் தெரிந்த வெளி மாவட்டத்துக்காரர் ஒருவரும் போதும். பேச்சு இருபது நிமிஷம். முதலில் நன்றாக இருந்தது, பிறகு குறை, ஒவ்வொரு குறைக்கும் காரணம். ஆளைச் சொல்லாமல் வேஷத்தைச் சொல்ல வேண்டும். ‘துரியோதனன் தர்பாரில் நாற்காலி சுற்றும்போது முதுகைக் காட்டிப் பாடினார், பின்வரிசைக்கு வார்த்தை போகவில்லை’ என்றால் அடுத்த ஊரில் திருத்திக்கொள்ள முடியும். ‘சுமார்’ என்றால் சண்டைதான் வரும். மதிப்பெண்ணை அன்றே சொல்லாமல் கடைசி ஊரில் மொத்தமாகச் சொல்வது பாதுகாப்பு.

காலம் முக்கியம். மாசி முதல் ஆடி வரை செட்களுக்குக் கோயில் பாரதம், நடுவில் மாங்காய் சீசன், ஆள் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிச்சம் இருப்பதில் வசதியானது தை மாதம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தை ராத்திரி பனி கடுமை என்பதால் ஏழு மணிக்குத் தொடங்கி, நடுவர் பேச்சோடு பத்துக்குள் முடிக்க வேண்டும். பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்தவர்கள் திரும்பும் முன் முதல் இரண்டு ஊரை வைத்துவிட வேண்டும், மற்ற மூன்றையும் சனிக்கிழமைகளில் வைக்கலாம்.